நாய் தின்பதும் நாயின் குணமும்

நாய்ச் சோற்றில் உப்புப் போட்டால் முடி கொட்டும். இனிப்புக் கொடுத்தால் சொறி பிடிக்கும். நெய் ஒத்துக்கொள்ளாது. பச்சைக் கறி போட்டுப் பழக்கினால் ஆளைக் கடிக்கும். தமிழ்நாட்டில் நாய் வளர்க்கிற எவரும் இந்த நான்கையும் கேட்காமல் இருந்திருக்க முடியாது. முதல் மூன்றும் நாயின் உடம்பைப் பற்றியவை, நான்காவது அதன் குணத்தைப் பற்றியது. தீனி உடம்பை என்ன செய்கிறது, சுபாவத்தை என்ன செய்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் நூறாண்டாகக் கேட்டுவரும் இரண்டு கேள்விகளும் இந்த வீட்டுப் பேச்சுக்குள்ளேயே இருக்கின்றன.

உடம்பைப் பற்றிய சான்றுகள் கெட்டியானவை. அவற்றிலும் என்ன போடுகிறோம் என்பதைவிட எவ்வளவு போடுகிறோம் என்பதைப் பற்றிய சான்றுதான் மிகக் கெட்டி. குணத்தைப் பற்றிய சான்றோ தீனி விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. தீனி நாயின் குணத்தை மாற்றுவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது நேராக மூளைக்குப் போவதில்லை. வலி, அரிப்பு, பசி என்று சுற்றுவழியில்தான் வந்து சேர்கிறது.

உப்பை முதலில் முடித்துவிடலாம். நாய்க்கும் சோடியம் வேண்டும். நாம் சாப்பிடும் அளவில் பாதி உப்புள்ள சோற்றால் எந்த ஆரோக்கியமான நாய்க்கும் முடி கொட்டியதற்குச் சான்று இல்லை. முடி கொட்டும் வீடுகளில் தட்டைப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைச் சோறும் தயிரும் இருக்கும். அதில் புரதம் குறைவு, தோலுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் குறைவு, துத்தநாகம் குறைவு. பழி உப்பின்மேல் விழுகிறது; உப்பில்லாமல் அதே தயிர்ச்சோறு தொடர்கிறது. உண்ணியும் சொறிப்பூச்சியும் தைராய்டு கோளாறும் தனிக் காரணங்கள். நெய் விஷயத்தில் ஊர் சொன்னது பாதி சரி. பழக்கமில்லாத நாய்க்கு ஒரே நாளில் கொழுப்பை அள்ளிப் போட்டால் கணையம் வீங்கி வாந்தியும் வயிற்றுவலியுமாகச் சுருண்டுவிடலாம். பண்டிகைக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்கள் இதைப் பார்க்கத் தவறுவதில்லை.

நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே அதற்குக் கறிதான் இயற்கை உணவு என்று ஒரு கட்சி உண்டு. வம்சம் சரி, முடிவு சரியில்லை. 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்செல்சன் குழு 'நேச்சர்' இதழில் ஓநாய், நாய் இரண்டின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவுக்கு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்கின்றன. நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருக்கின்றன. மனிதன் உழவனானபோது அவன் வீட்டு வாசலில் கிடந்த விலங்கின் கணையமும் உழவுக்குப் பழகிக்கொண்டது என்று சொல்லலாம். உழவு எட்டாத பனிப்பிரதேசத்து ஹஸ்கிக்கும் ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கும் இந்தப் படிகள் குறைவு என்பது இதற்குப் பொருந்திவருகிறது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஓநாய் நாயானபோது மாறிய 36 மரபணுப் பகுதிகளில் 19 பகுதிகள் மூளையின் செயல்பாட்டோடு தொடர்புடையவை. வயிறும் புத்தியும் ஒரே காலத்தில், ஒரே அடுப்பங்கரைக்கு அருகில் மாறியிருக்கின்றன.

சோற்றைச் செரிக்க முடியும் என்பதற்காக நாய் சோற்றை விரும்புகிறது என்று ஆகாது. இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு மையத்தில் ஐந்து இன நாய்களுக்குப் பலவித உணவுகளை வைத்து, வேண்டியதைத் தேர்ந்துகொள்ள விட்டார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி அவை எடுத்துக்கொண்ட ஆற்றலில் சுமார் 30 விழுக்காடு புரதம், 63 விழுக்காடு கொழுப்பு, மாவுச்சத்து 7 விழுக்காடுதான். நம் தெருநாய்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் கண்டது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. குப்பையில் கிடைப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. ஆனாலும் வளர்ந்த தெருநாய் கறிவாசம் எதில் அடிக்கிறதோ அதையே முதலில் எடுக்கிறது. குட்டிகளுக்கு அந்தத் தேர்வு பிறவியில் இல்லை, வளரும்போது கற்றுக்கொள்கின்றன. கறி பிடிக்கும், சோற்றிலும் பிழைக்கும். கறிக் கட்சியும் சோற்றுக் கட்சியும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றன.

பிழைப்பது வேறு, நன்றாக வளர்வது வேறு. இதை மனிதன் நாயிடமிருந்தே படித்தான், கொஞ்சம் கொடுமையான முறையில். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் எட்வர்ட் மெல்லன்பி லண்டனில் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து ஓட்ஸ் கஞ்சி போன்ற தானிய உணவில் வளர்த்தார். குட்டிகளின் கால் வளைந்தது, எலும்பு மெலிந்தது. மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் சரியானது. பின்னால் வைட்டமின் டி என்று பெயர் பெற்ற பொருளுக்கு இட்டுச்சென்ற பாதைகளில் அது முக்கியமானது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளமே கதியாக இருந்த ஏழைகளைப் பெல்லக்ரா நோய் வாட்டியபோது, அதே மாதிரி உணவு தின்ற நாய்களுக்கு நாக்கு கறுக்கும் நோய் வந்ததை ஜோசஃப் கோல்ட்பெர்கர் பயன்படுத்திக்கொண்டார். 1937-ல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம் நிகோடினிக் அமிலத்தைக் கொடுத்து அந்தக் கறுநாக்கைக் குணப்படுத்தினார். மனிதருக்கான மருந்து நாயின் நாக்கில் தெரிந்தது.

மெல்லன்பியின் குட்டியை இன்றும் நம் ஊரில் பார்க்கலாம். இரண்டு மாதத்தில் வாங்கிவந்த லாப்ரடாரோ ராட்வைலரோ, ஐந்தாம் மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வெளியே விரிந்து, மணிக்கட்டு புடைத்து, உள்ளங்கால் முழுவதும் தரையில் படிய நிற்கும். கேட்டால் பாலும் சோறும்தான் கொடுத்தோம் என்பார்கள். அரிசியில் புரதம் ஏழெட்டு விழுக்காடு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோல்படி வளரும் குட்டிக்கு உலர் எடையில் 22.5 விழுக்காடும் வளர்ந்த நாய்க்கு 18 விழுக்காடும் குறைந்தபட்சம் வேண்டும். தயிரும் பாலும் சேர்த்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. வெயிலில் கட்டிப்போட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் உதவாது. நம் தோலைப்போல நாயின் தோலால் அதைப் போதிய அளவு தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு விபத்து நடக்கிறது. குட்டி பலசாலியாக வேண்டும் என்று எலும்பில்லாத கறியும் ஈரலும் மட்டுமே போடுகிறவர்கள் உண்டு. தசைக்கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகமிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியத்தைச் சமன் செய்ய உடம்பு தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். சிறு உயரத்திலிருந்து குதித்தாலே குட்டிக்குத் தொடை எலும்பு முறிந்துவிடலாம். உடனே கால்சியம் சிரப்பை ஊற்றுவதும் ஆபத்துதான். கிரேட் டேன் குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் கால்சியம் கொடுத்த டச்சு ஆய்வுகளில் எலும்பு கோணலாக வளர்ந்தது. பெரிய இனக் குட்டிகளுக்குக் குறைவும் கேடு, மிகையும் கேடு. வீட்டுச் சமையலில் இந்தக் கணக்கைக் கைப்பக்குவமாகப் பிடிப்பது கடினம் என்பதால்தான், பாக்கெட் தீனியைப் பற்றி எனக்கு எத்தனை குறை இருந்தாலும் குட்டிப் பருவத்துக்கு அதையே சொல்வேன்.

இனி அளவு. எந்தக் கால்நடை மருத்துவமனையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மேசையில் ஒரு லாப்ரடார், இடுப்பு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் மூச்சு வாங்கும். "என்னம்மா சாப்பிடுது?" என்று மருத்துவர் கேட்பார். "ஒண்ணுமே சாப்பிடுறதில்ல டாக்டர். காலையில ரெண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, அப்புறம் பிஸ்கட்." எத்தனை பிஸ்கட் என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது, ஏனென்றால் அம்மா தனியாகவும் தாத்தா தனியாகவும் பையன் தனியாகவும் போட்டிருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த ஒரு வீட்டு நாய்க்கு நாளொன்றுக்குத் தோராயமாக 630 கிலோகலோரி போதும். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் இருபது கிலோகலோரிக்குக் குறையாது. பத்துப் பிஸ்கட் போட்டால் அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது. அதன்மேல் முழுத் தட்டுச் சோறும் வந்தால் எங்கே போகும்? நொறுக்குத்தீனி மொத்தத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது வழிகாட்டல். பத்துக் கிலோ நாய்க்கு அது மூன்று பிஸ்கட்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ப்யூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரே தீனியை, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக, ஆயுள் முழுக்கக் கொடுத்தது. 2002-ல் வந்த முடிவில், நிறையத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கான நீண்டகாலச் சிகிச்சை குறைத்துத் தின்ற நாய்களுக்குச் சுமார் மூன்று ஆண்டு தள்ளித்தான் தேவைப்பட்டது. தீனி மாறவில்லை, அளவு மட்டுமே மாறியது. நாய்த்தீனி விற்கும் நிறுவனமே செலவழித்து, குறைத்துப் போடுங்கள் என்று நிரூபித்திருப்பது ரசிக்கத்தக்கது. ஆயுளைப் பதினைந்து விழுக்காடு நீட்டித்ததாக இவ்வளவு ஒழுங்கான சோதனையில் தேறிய டானிக் எதுவும் கடையில் இல்லை.

லாப்ரடார்காரர்களுக்கு ஒரு சலுகை தரலாம். 2016-ல் கேம்பிரிட்ஜின் எலினார் ராஃபன் குழு, பசியை அடக்கும் சமிக்ஞைக்கான பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டது. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை உண்டு. அதே குழு 2024-ல் இதைச் சோதித்த விதம் எளிமையானது. நாய்க்கு வழக்கமான அளவில் காலை உணவு கொடுத்து, மூன்று மணி நேரம் கழித்து, ஓட்டை போட்ட மூடிய பெட்டிக்குள் ஒரு சாசேஜை வைத்தார்கள். வாசம் வரும், எடுக்க முடியாது. மரபணுக் குறையுள்ள நாய்கள் பெட்டியைப் பிறாண்டி, முகர்ந்து, விடாமல் போராடின. ஓய்வில் இருக்கும்போது அவை செலவழிக்கும் ஆற்றலும் 25 விழுக்காடு குறைவு. பசி அதிகம், செலவு குறைவு. பிரிட்டனில் உதவி நாய்களை ஈனுவதற்காக வைத்திருந்த லாப்ரடார்களைப் பார்த்தபோது முக்கால்வாசியிடம் இந்தக் குறை இருந்தது. ஒரு துண்டு தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தீராப் பசியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குணமும் தீனியும் ஒரே மரபணுவில் முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம் இது.

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இதற்கு மறுமுனை. முயலை விரட்டுவதற்கென்றே உருவான ஒல்லி உடல் அவற்றுக்கு. கடைசி சில விலா எலும்புகள் வெளியே தெரிவதுதான் அவற்றின் இயல்பு. பக்கத்து வீட்டார் "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்கிறார்கள் என்பதற்காக அவற்றைக் கொழுக்க வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற நாய்களுக்கு ஒரு சோதனை போதும். கையை முஷ்டியாக மடக்கி முட்டியைத் தடவினால் எலும்பு எப்படித் துருத்தித் தட்டுப்படுகிறதோ அப்படி விலா தட்டுப்பட்டால் நாய் மெலிவு. விரலை நீட்டி உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. புறங்கையைத் தடவும்போது படுவதுபோல் லேசாக எலும்பு தெரிந்தால் சரி.

விஷங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சாக்லேட்டும் திராட்சையும் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்தவையே. நம் வீட்டுக்கென்று உள்ள ஆபத்து சாம்பார். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் போகாது. உடல் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் ஒரே தடவையில் போனால் ஆபத்து. பத்துக் கிலோ நாய்க்கு ஐம்பது கிராம், அதாவது ஐந்தாறு சின்ன வெங்காயம். மிச்ச சாம்பாரைத் தினமும் ஊற்றிப் பிசைந்து வைக்கும் வீட்டில், காரணம் தெரியாமல் நாய் வெளுத்துக்கொண்டே வரலாம். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும் என்பதையும் இங்கேயே சொல்லி நகர்கிறேன்.

பாக்கெட் தீனிக்கும் அதன் விபத்துகள் உண்டு. 2007-ல் வட அமெரிக்காவில் மெலமின் கலந்த கோதுமைப் புரதத்தால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. பிறகு தானியமே கூடாது என்ற அலை எழுந்தது. அரிசி, கோதுமைக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிரம்பிய விலையுயர்ந்த தீனிகள் வந்தன. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அந்தத் தீனிகளைத் தின்ற நாய்களுக்கு இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் வருவதாகப் புகார்கள் வந்திருப்பதை அறிவித்தது. காரண காரியத்தை உறுதிசெய்யத் தரவு போதவில்லை என்று 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. கேள்வி மூடப்படவில்லை. அமைலேஸ் மரபணுவைப் பெருக்கிக்கொண்ட விலங்குக்குத் தானியம் எதிரி என்று நினைக்க எந்த அவசியமும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான்காவது நம்பிக்கைக்கு வருவோம்: கறி தின்றால் கடிக்குமா? பச்சைக் கறி நாயை மூர்க்கமாக்கும் என்பதற்கு எந்தச் சோதனையும் சான்று தரவில்லை. பச்சைக் கறிக்கு எதிரான நியாயம் சால்மொனெல்லா போன்ற கிருமிகள்தான். அதிலும் நாயைவிட அதன் எச்சில் படும் குழந்தைக்கே ஆபத்து அதிகம். புரதத்தைப் பற்றி மட்டும் சுவையான ஒரு விவாதம் உண்டு. மூளையில் அமைதியைத் தரும் செரோடோனின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. புரதம் நிறைந்த உணவில் டிரிப்டோஃபான் இருந்தாலும், மற்ற அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழைய அதே வாசலில் முண்டுவதால் அது பின்தங்கிவிடும் என்பது கருத்து. 1996-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து நிக்கோலஸ் டாட்மன் குழு, புரதத்தைக் குறைத்தபோது பயத்தால் தன் எல்லையைக் காக்கச் சீறும் நாய்களின் சீற்றம் தணிந்ததாகச் சொன்னது. 2000-ல் வந்த அடுத்த ஆய்வில் 33 நாய்கள். டிரிப்டோஃபான் சேர்த்தபோது சில வகைச் சீற்றம் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு உணவும் ஒரு வாரம்தான் கொடுக்கப்பட்டது, மதிப்பெண் போட்டவர்கள் நாயின் சொந்தக்காரர்கள். 2009-ல் நெதர்லாந்தில் லேசான பதற்றமுள்ள 138 வீட்டு நாய்களுக்கு எட்டு வாரம் கூடுதல் டிரிப்டோஃபான் கொடுத்தார்கள். இரத்தத்தில் அதன் அளவு ஏறியது, நடத்தையில் மாற்றமில்லை. அமைதி தரும் தீனி என்று அட்டையில் போட்டு விற்கப்படும் பலவற்றின் அஸ்திவாரம் இவ்வளவுதான்.

கொழுப்பின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. மீனெண்ணெயில் உள்ள டிஎச்ஏ கூடுதலாகக் கிடைத்த பீகிள் குட்டிகள் சில கற்றல் சோதனைகளில் முந்தின. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் வலிப்புள்ள 21 நாய்களுக்கு, மருந்தோடு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்ந்த தீனியைக் கொடுத்த 2015 ஆய்வில் மூன்று நாய்களுக்கு வலிப்பே நின்றது, இன்னும் ஏழுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. அந்த நாய்களின் நடத்தையைத் தனியாகப் பார்த்தபோது அன்னியரைக் கண்டு மிரள்வதும் கண்டதையெல்லாம் துரத்துவதும் குறைந்திருந்தன. இவ்வகைக் கொழுப்பு தேங்காயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தட்டில் எண்ணெய் ஊற்றக் கிளம்ப வேண்டாம். அளந்து தயாரித்த தீனியும் தேங்காய் எண்ணெயும் ஒன்றில்லை, கணையத்தின் கதையை மேலே பார்த்தோம். கிழட்டு பீகிள்களுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் நிறைந்த உணவைக் கொடுத்தபோது புத்தித் தேய்மானம் மெதுவானது. அதோடு விளையாட்டும் துணையும் புதிய வேலைகளும் கிடைத்த நாய்களே மிக நன்றாகத் தேறின. குடல் நுண்ணுயிர்களுக்கும் மூர்க்கத்துக்கும் உறவு தேடும் ஆய்வுகள் இன்னும் கைக்குழந்தைகள்.

நேர்வழி இவ்வளவு மங்கலாக இருக்க, சுற்றுவழி பளிச்சென்று தெரிகிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸ் குழு, நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு உடலில் ஏதோ ஒரு வலி இருந்ததாக 2020-ல் எழுதியது. எடை கூடிய நாயின் இடுப்பு மூட்டு தேய்கிறது. குழந்தை மேலே விழுந்து அணைக்கும்போது வலிக்கிறது. நாய் வெடுக்கென்று திரும்புகிறது. வீட்டில் "திடீர்னு குணம் மாறிடுச்சு" என்கிறார்கள். அது திடீரென்று வரவில்லை, தட்டில் இரண்டு மூன்று ஆண்டாகச் சேர்ந்தது. தோல் அரிப்பும் இப்படித்தான். நாள் முழுக்கச் சொறியும் நாய் தூங்காது, சொன்னது கேட்காது, கண்டதைக் கடித்துக் குதறும்.

பசிக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் பிரியாணியும் மறுநாள் வெறுந்தட்டுமாக வளரும் நாய், தட்டருகே வரும் கையைப் பார்த்து உறுமக் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை. தெருவிலும் அதே கதைதான். நேரமும் இடமும் இல்லாமல் கொட்டப்படும் சோறு ஒரு தெருவின் நாய்களை இன்னொரு தெருவின் எல்லைக்குள் இழுத்து மோதவிடுகிறது. தெருநாய்களுக்கு உணவிடும் இடமும் நேரமும் வரையறுக்கப்பட வேண்டும் என்று 2023-ன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உணவிடத் தனி இடங்களை ஒதுக்கச் சொன்னது. இரக்கம், தொல்லை என்று இரு அணியாகப் பேசப்படும் அந்த வழக்கில், உணவின் ஒழுங்கு நாயின் நடத்தையை மாற்றும் என்ற எளிய விஷயம் அதிகம் பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

அரிப்புக்குத் தீனிதான் காரணமா என்று அறிய இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நம்பத்தக்க வழி ஒன்றுதான். நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுச்சத்தையும் மட்டும் எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய தீனியைத் திரும்பப் போட்டு அரிப்பு வருகிறதா என்று பார்ப்பது. மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவைதான் பெரும்பாலும் பிடிபடும் குற்றவாளிகள். நம் பிஸ்கட்டில் இவற்றில் இரண்டு இருக்கின்றன. சோதனை எளிது, செலவும் அதிகமில்லை. எங்கே தோற்கிறது என்று கால்நடை மருத்துவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: ஐந்தாவது வாரம், யாரும் பார்க்காத நேரத்தில், தாத்தா போட்ட அரைப் பிஸ்கட்.